இடக்கைக் கிதார்

சிதம்பரம்
9.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை நஜியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கு நானும் உன் மச்சான் நசீரும் உன் மருமகள் ரசியாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். வயிற்றில் இருப்பதும் சுகம்தான் என்று டாக்டரம்மா சொன்னார். அங்கே நீயும் சமீரா மச்சியும் எப்படி இருக்கிறீர்கள்?

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்க முடியாதது எனக்குப் புதிதாக இருக்கிறது. இத்தனை வருடமாக வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வீடியோ காலில் நீயும் நானும் கையாலேயே சண்டை போடுவோம். காது கேட்காதவளுக்கு உன்னை விட்டால் வாயாட வேறு யார்? மச்சான் நல்லவர்தான். ஆனால் கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் அவருடைய கைப்பேச்சு, கடையில் செருப்பு சைஸ் காட்டுவது போலவே இருக்கிறது.

மூன்று வாரமாகக் கேமரா கெட்டுக் கிடக்கிறது என்கிறாய். மச்சியிடம் இருப்பதோ பட்டன் போன். வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். இது என்ன மரியாதை? நேரில் வந்து சட்டையைப் பிடிக்கலாம் என்றால் கடலூர் பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். போன தடவை பிள்ளை தங்காமல் போனதிலிருந்து நான் தும்மினால்கூட மச்சான் பயப்படுகிறார்.

விடுதிப் பள்ளியில் படித்தபோது உனக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவேனே, ஞாபகம் இருக்கிறதா? அதே மாதிரி எழுத ஆரம்பித்துவிட்டேன். நீயும் எழுது. கட்டைவிரல் அனுப்பாதே.

மச்சிக்கு என் ஸலாம்.
உன் நஜியா

*

கடலூர் ஓ.டி.
20.2.2025

அன்புத் தங்கைக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கு நாங்கள் நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். படி ஏறாதே, குடம் தூக்காதே.

கம்பெனியில் போன் கீழே விழுந்து கேமரா போய்விட்டது. புதுப் போன் வாங்காததற்குக் காரணம் இருக்கிறது. சிரிக்காமல் கேள். நான் கிதார் வாங்கப் போகிறேன்.

அதே ஃபெண்டர் மார்க் கிதார்தான். ஆர்கெஸ்ட்ராவில் இருந்தபோது ஸ்ரீமுஷ்ணம் திருவிழாவில் மெட்ராஸ் குரூப்காரர் ஒருவர் தன் கிதாரை என் கையில் கொடுத்தாரே, அது. ஓரமெல்லாம் கறுப்பு, நடுவில் தேன் நிறம். ஒரு பாட்டு முடிவதற்குள் "போதும் தம்பி, குடு" என்று வாங்கிக்கொண்டார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆர்கெஸ்ட்ராவை விட்டுக் குடம் செய்கிற கம்பெனிக்குப் போனேன், தலை நரைத்தது, அது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. புதிது நமக்கு எட்டாது. பழையது தேடிக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனியில் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்காதே. ஹலாலான பணம்தான்.

மச்சானைக் கேட்டதாகச் சொல். ரசியாவுக்கு முத்தம்.
அசாருதீன்

*

சிதம்பரம்
5.3.2025

என் அண்ணனுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? என்னை டாக்டரம்மா நோன்பு வைக்க விடவில்லை. கஞ்சியை மட்டும் மூன்று கிண்ணம் குடிக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறைக்குள் குதித்தேன். மச்சான் அலறி ஓடி வந்தார். உட்கார்ந்தபடியே குதித்தேன் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன்.

உன் வாசிப்பை ஊரெல்லாம் காதால் கேட்டது. நான் உன் இடக்கையைப் பார்த்துக் கேட்டேன். சின்ன வயதில் நீ வாசிக்கும்போது உன் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். விரல்கள் கிதாரின் கழுத்தில் கீழே இறங்கி வந்தால் பாட்டு உச்சத்துக்குப் போகிறது என்று தெரியும். ஒரு விரலை அழுத்தி நடுங்கவிட்டால் அது சோகப் பாட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள், "இந்த செவிட்டுப் பொண்ணுக்கு என்னா புரியுதுன்னு உக்காந்திருக்கு" என்று அம்மாவிடம் கேட்பார்களாம். எனக்கு எல்லாம் புரிந்தது.

நம் கைப்பேச்சில் உன் பெயரே அந்த இடக்கைதானே! ரசியா இன்றைக்கும் இடக்கை நாலு விரலையும் காற்றில் ஓடவிட்டுத்தான் "மாமா எப்ப வருவாரு?" என்று கேட்கிறாள். எனக்கு மட்டும் நீ வைத்த பெயரைப் பார், இரண்டு விரலால் காதைத் திருகுவது! உனக்கு ராஜா பெயர், எனக்கு வாத்தியாரிடம் அடி வாங்கியவள் பெயர்.

பெருநாளைக்குக் கிதாரோடு வா. வராவிட்டால் சேமியாவில் உப்பைப் போட்டுக் கொடுத்தனுப்புவேன்.

உன் நஜியா

*

கடலூர் ஓ.டி.
10.4.2025

அன்புள்ள நஜியாவுக்கு ஸலாம். உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

பெருநாளுக்கு வர முடியவில்லை. ஷிஃப்ட் மாற்ற ஆள் இல்லை. ரசியா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று மச்சான் மெசேஜ் அனுப்பியிருந்தார். அதை நான் மறுபடி மறுபடி படித்தேன்.

கிதார் கிடைத்துவிட்டது. அதுவும் உங்கள் ஊரிலேயே. சேரன் என்று ஒரு இன்ஜினியர், பல்கலைக்கழகம் போகிற வழியில் வீடு. பெங்களூரில் இருந்தபோது ஆசையாக வாங்கியதாம். இப்போது குடும்பத்தோடு வெளிநாடு போவதால் கொடுக்கிறார். நான் நினைத்த நிறமே. பணம் அனுப்பிவிட்டேன். வருகிற வாரத்துக்குள் எடுக்கச் சொல்கிறார். எனக்கு அந்த வாரம் முழுக்க வேலை, போன்கூட எடுக்க முடியாது. நீயும் மச்சானும் ஆட்டோவில் போய் வாங்கி வீட்டில் வையுங்கள். அவர் எதைக் கொடுக்கிறாரோ அதை அப்படியே வாங்கிக்கொள். பெட்டியைத் திறக்காதே. ஈரக்காற்று ஆகாது.

இதைத் தேடிப் பிடிக்க மிகவும் கஷ்டப்பட்டேன். உன்னை நம்பித்தான் விடுகிறேன்.

அண்ணன்

*

சிதம்பரம்
24.4.2025

அண்ணனுக்கு உன் அறிவாளித் தங்கையின் ஸலாம். நாங்கள் சுகம். நீ சுகமா? உனக்கு ஏமாளி என்று பட்டம் கொடுக்கலாம். உட்கார்ந்து படி.

சேரன் வீட்டுக்குப் போனோம். நல்ல மனிதர்தான், டீ கொடுத்தார். பெட்டியைத் திறக்காதே என்று எழுதினால் நான் திறக்காமல் இருப்பேனா? அங்கேயே திறந்தேன். அழகென்றால் அப்படி ஓர் அழகு. எடுத்து, நீ பிடிப்பது போல மடியில் வைத்தேன். வயிறு இடித்தது, அதை விடு. கிதாரின் நீளக் கொம்பு மேலே இருக்க வேண்டும், அது கீழே தொங்கியது. திருகுகிற பட்டன்களெல்லாம் மேலே வந்து முழங்கையில் இடித்தன. தடித்த கம்பி அடியில் கிடந்தது. கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாமே தலைகீழ். அப்போதுதான் கவனித்தேன், அந்த மனிதர் டீ கொடுத்ததும் நொட்டாங்கையால்தான். தன் கைக்கென்று வாங்கியதை உன் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்!

மச்சானை விட்டுக் கேட்டேன். சேரன் என்ன சொன்னார் தெரியுமா?

"இல்லீங்க, அவரு லெஃப்ட் ஹேண்ட் கிதார்தான் வேணும்னு கேட்டு வாங்குனாரு. தனக்கு நொட்டாங்கைப் பழக்கம்னு சொன்னாரு."

மச்சான் சிரித்தேவிட்டார். "எங்க மச்சானா? அவுரு சோத்தாங்கைக்காரருங்க. நான் பாக்காததா?"

சேரன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உனக்கு எத்தனையோ தடவை போன் போட்டார், நீ எடுக்கவில்லை. அவர் மறுநாளே கிளம்புகிறார். பணத்தையும் செலவழித்துவிட்டாராம். நான் விடுவேனா? உன் பழைய ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்த தமிழ்மணி அண்ணனை வரவழைத்தேன். புதுச்சேரியில் பழைய கிதார் வாங்கி விற்கிறவர் ஒருவரை அவருக்குத் தெரியும். அங்கே அதே ஃபெண்டர், அதே தேன் நிறம், சோத்தாங்கைக்காரர் வாசிப்பது ஒன்று இருந்தது. இடக்கைக் கிதார் லேசில் கிடைக்காதாம். அதனால் அந்தக் கடைக்காரர் மேலே ஒன்றும் கேட்காமல் சந்தோஷமாக மாற்றிக் கொடுத்துவிட்டார்.

தமிழ்மணி அண்ணனே அதை நேராக உன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். நீ வேலைக்குப் போயிருந்தாயாம். மச்சி அதைத் திறந்து பார்த்து வாசலிலேயே அழுதாளாம். சந்தோஷத்தில் அழுகிற ஆள் இல்லையே அவள்!

நீ ஆசைப்பட்டதை நான் சரியாகச் சேர்த்துவிட்டேன். எனக்கு அது போதும். வாசிக்க எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

பெருமை தாங்காத
நஜியா

*

கடலூர் ஓ.டி.
9.6.2025

அன்புத் தங்கைக்கு ஸலாம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பக்ரீதும் போய்விட்டது. உனக்கு மாதம் நெருங்குகிறதே, ஜாக்கிரதையாக இரு.

கிதார் வந்து சேர்ந்தது. நீ செய்தது சரி. நான்தான் சரியாகப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். அன்றைக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் பார்த்தது போலவே இருக்கிறது. கூடத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். காலையில் வெயில் அதன் மேல் படும்போது நன்றாக இருக்கிறது.

வாசிக்க நேரம் கிடைக்கவில்லை.

தமிழ்மணியிடம் அந்தப் புதுச்சேரிக் கடைக்காரர் நம்பர் கேட்டேன். சும்மாதான் கேட்டேன். சேரனுடையதை ஒரு காலேஜ் பையன் உடனே வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். பரவாயில்லை. இடக்கைக்காரனிடம்தானே போயிருக்கிறது.

நீ எதற்காகவும் கவலைப்படாதே. நல்லபடியாகப் பிள்ளை பிறக்கட்டும், துஆ செய்கிறேன்.

அசாருதீன்

*

சிதம்பரம்
30.7.2025

அசாருதீன் அவர்களுக்கு.

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் எழுத வேண்டிய முறைக்கு எழுதுகிறேன், நீங்கள் நலமா?

எனக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. உங்களுக்கு மெசேஜ் வந்தது, கட்டைவிரலும் வந்தது. ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்தோம். நம் அத்தாவின் பெயர், அப்துல் வதூது. அத்தா பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது அவர் மகன் வீட்டில் இல்லை. தாய்மாமன் எங்கே என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். எனக்குத்தான் காது கேட்காதே என்று நிம்மதியாக இருக்க முடியவில்லை. கேட்பவர்களின் வாயைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடுகிறது.

மச்சி மட்டும் வெள்ளி அரைஞாணோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடாமல்கூடக் கிளம்பிவிட்டாள்.

என் மேல் என்ன கோபம்? நான் கிதாரை மாற்றியது பிடிக்கவில்லையா? அதைச் சொல்லித் திட்டியிருக்கலாம். இல்லை, செவிட்டுத் தங்கையோடு கையை ஆட்டிப் பேசுவது இப்போது கூச்சமாகிவிட்டதா? அப்படி என்றால் அதையாவது எழுதிவிடுங்கள். நானும் இனிமேல் வெள்ளிக்கிழமைகளில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டேன்.

நஜியா

*

கடலூர் ஓ.டி.
6.8.2025

அன்பு நஜியாவுக்கு மச்சி சமீரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறானா? உனக்குப் பச்சை உடம்பு, கோபப்படாதே.

எனக்கு உன்னைப் போல எழுத வராது. உன் கடிதத்தை அவர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அந்தச் சத்தியத்தை இன்றைக்கு முறிக்கிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பொங்கல் லீவு முடிந்து வேலைக்குப் போன மறுநாள், கம்பெனி மெஷினில் அவர் இடக்கை மாட்டிக்கொண்டது. நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் போய்விட்டன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். போன பிள்ளை மாதிரி இதுவும் உனக்குத் தங்காமல் போய்விடுமோ என்று பயந்துதான் மறைத்தார். கேமரா கெடவில்லை. நீ கிதார் வாங்கப் போன வாரம் கையில் இரண்டாவது ஆபரேஷன். தமிழ்மணி அண்ணன் வந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

கிதார் வாங்கியது கம்பெனி விரலுக்கு ஈடாகக் கொடுத்த பணத்தில். முதலில் நான் சண்டை போட்டேன். வீடு ஒழுகுகிறது, இதில் கிதாரா என்று கேட்டேன். "இது விரலோட காசு சமீரா. விரலு இருந்தா எங்க போயிருக்குமோ அங்கதான் போவணும்" என்றார். இடக்கையில் இரண்டு விரல் இருந்தால் மீட்டிவிடலாம், கம்பியை வலக்கையால் அழுத்தப் பழகிக்கொள்ளலாம் என்று எங்கெங்கோ விசாரித்து இடக்கைக் கிதார் தேடினார். பத்துப் பன்னிரண்டு பேரிடம் கேட்ட பிறகுதான் சேரன் கிடைத்தார்.

உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. ஒரு நாள்கூட உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆணியில் தொங்குகிற அந்தக் கிதாரைப் பார்த்தபடி தினமும் உட்கார்ந்திருக்கிறார். என்னால் பார்க்க முடியவில்லை நஜியா.

மச்சி

*

சிதம்பரம்
10.8.2025

அண்ணா,

ஸலாம் சொல்ல மறந்துவிட்டுப் பாதியில் வந்து எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். இனி நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மச்சியின் கடிதத்தைப் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி படித்தேன். அழுது அவன் தலையெல்லாம் நனைந்துவிட்டது. மச்சான் வாங்கிப் படித்துவிட்டுக் கடையைத் திறக்காமல் படுத்துக்கொண்டார். "நான்தான் சிரிச்சேன், அவரு சொன்னப்ப நான்தான் சிரிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

சேரன் அப்படிச் சொன்னபோது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உன் கையை எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்று இருந்துவிட்டேன். அந்தக் கையைக் காப்பாற்றுவதாக நினைத்து, உனக்கு மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிக் கடைக்காரனிடம் கொடுத்துவிட்டேன். அதற்குப் பெருமைப்பட்டு உனக்கே எழுதினேன். நீ "செய்தது சரி" என்று பதில் போட்டாய். எப்படி எழுத முடிந்தது உன்னால்?

புதுச்சேரிக்கு மச்சானை அனுப்பினேன். அந்தக் காலேஜ் பையனைக் கண்டுபிடித்தார். அவன் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவனும் வெகுநாள் தேடியிருக்கிறான்.

எனக்கு நாற்பது நாள் இன்னும் முடியவில்லை. வாசல் தாண்ட விடமாட்டேன் என்கிறார்கள். நீ வா அண்ணா. இல்லையென்றால் கேமராவையாவது போடு. மற்ற எல்லோரிடமும் கையை மறைத்துக்கொள். நான் உன் கையை வைத்துத்தான் உன்னைத் தெரிந்துகொண்டவள். என்னிடம் மறைத்தால் எனக்கு நீயே இல்லாமல் போகிறாய்.

நஜியா

*

கடலூர் ஓ.டி.
22.8.2025

அன்புள்ள நஜியாவுக்கு ஸலாம். சின்ன அத்தா அப்துல் வதூதுக்கு மாமாவின் துஆ.

அழாதே. பால் சுரக்காது என்று சமீரா சொல்கிறாள்.

முதலில் பிள்ளைக்காகத்தான் மறைத்தேன். பிறந்த பிறகும் ஏன் வரவில்லை என்றால், எனக்கு வேறு பயம். உன்னிடம் பேச இரண்டு கையும் வேண்டுமே. கண்ணாடி முன்னால் நின்று, எந்த வார்த்தை வருகிறது, எது வரவில்லை என்று பார்த்தேன். சோறு வருகிறது. மழை அரைகுறையாக வருகிறது. அம்மா வருகிறாள். நீ பாதி புரியாமல் என் முகத்தைப் பார்ப்பாயே, அதை என்னால் தாங்க முடியாது என்று இருந்துவிட்டேன்.

உன் பெயர் வருகிறது நஜியா. காதைத் திருக இரண்டு விரல் போதும். என் பெயர்தான் வரவில்லை.

கிதாரைப் பற்றி எழுதியிருந்தாய். போன வாரம் ஆணியிலிருந்து எடுத்தேன். நீ சேரன் வீட்டில் பிடித்துப் பார்த்த மாதிரிதான் இப்போது நான் இதைப் பிடிக்கிறேன், தலைகீழாக. கம்பிகளை மாற்றிக் கட்டினேன். பட்டன்கள் முழங்கையில் இடிக்கத்தான் செய்கின்றன. வலக்கை விரல்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்ட பிள்ளைகள் மாதிரி முழிக்கின்றன. இருபது வருடம் ஆசைப்பட்ட கிதாரில் நான் வாசிப்பது நாலு சுரம். நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். வலிக்கிறது. சில நாள் எடுக்கவே பிடிக்கவில்லை. அடுத்த நாள் எடுத்துவிடுகிறேன்.

மச்சானிடம் சொல், அவர் சிரித்ததில் ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அண்ணன்

*

சிதம்பரம்
27.8.2025

என் அண்ணனுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் பிள்ளைகளும் சுகம். மச்சான் கடையைத் திறந்துவிட்டார். மச்சி சுகமா? உன் கை எப்படி இருக்கிறது? இனி ஒவ்வொரு கடிதத்திலும் முதலில் இதைத்தான் கேட்பேன், நீயும் உண்மையை எழுத வேண்டும்.

உன் பெயர் வரவில்லை என்று எழுதியிருந்தாய். நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு உன் பெயரை மாற்றினேன். இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு, வலக்கை நாலு விரலையும் காற்றில் ஓடவிட்டேன். எனக்கே விரல்கள் தடுமாறின. நீ சொன்னது போல முதல் நாள் பள்ளிக்கூடம்தான்.

ரசியா எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, "யாரும்மா அது? புதுசா யாராச்சும் வர்றாங்களா?" என்று கையால் கேட்டாள்.

உன் மாமாதான் என்றேன்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். எழுந்து வந்து என் வலக்கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். மடியில் இருந்த இடக்கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, இப்படித்தான் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். அம்மா தப்பாகச் சொன்னதைத் தான் சரி செய்துவிட்டோம் என்று அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்த முகம் எனக்குத் தெரியும் அண்ணா. சேரன் வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்று என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவளுக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கூப்பிடுகிறேன். அவளும் பக்கத்தில் இருப்பாள். கேமராவைப் போட்டு, உன் புதுப் பெயரை நீயே அவளுக்குச் சொல்லிக் கொடு.

உன் நஜியா